எக்ஸ்டெண்டர் வழியாகப் போகும் நாஸ் ஏன் அடிக்கடி காணாமல் போகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் 30-க்கு 40 மனையில் மூன்று மாடி எழுப்பிய வீடுகளில் ஃபைபர் கேபிள் பெரும்பாலும் வாசல் பக்கத்து ஹாலோடு நின்றுவிடும். நாஸ் பெட்டியோ மாடியில், கம்ப்யூட்டர் இருக்கும் அறையில் உட்கார்ந்திருக்கும். நடுவில், ஹாலில் இருக்கும் ரௌட்டரின் சிக்னலை வாங்கி மாடிக்குக் கடத்தும் ஒரு வைஃபை எக்ஸ்டெண்டர். இப்படி இணைத்தவர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும் இவை. நாஸ் என்று சொல்வது சினாலஜி, க்யூநாப் போன்ற, நெட்வொர்க்கில் நேரடியாக இணையும் டிஸ்க் பெட்டிகளை. ரௌட்டரின் யுஎஸ்பி போர்ட்டில் ஹார்ட் டிஸ்க் செருகி வைத்திருப்பவர்களுக்கும் பல பதில்கள் பொருந்தும்.

முழுவதும் படிக்கப் பொறுமை இல்லையென்றால் இது போதும்: நாஸை ரௌட்டரில் கேபிள் போட்டு இணையுங்கள், எக்ஸ்டெண்டரை லேப்டாப்புக்கும் போனுக்கும் விட்டுவிடுங்கள். அது முடியாத வீடுகளுக்குத்தான் மீதி.

யூடியூப், ஓடிடி எல்லாம் அதே எக்ஸ்டெண்டரில் தடங்கலில்லாமல் ஓடுகிறது. நாஸ் மட்டும் ஏன் அறுந்துபோகிறது?

யூடியூப் எப்போதும் கொஞ்சம் வீடியோவை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். நடுவில் ஐந்து வினாடி வைஃபை விழுந்து எழுந்தாலும் பார்ப்பவருக்குத் தெரியாது. நாஸில் திறந்த ஃபைலுக்கு அந்தச் சலுகை கிடையாது. விண்டோஸும் மேக்கும் நாஸோடு பேசுவது எஸ்எம்பி என்ற முறையில். ஃபைல் திறந்திருக்கும் வரை அந்த இணைப்பு உயிரோடு இருந்தாக வேண்டும். பதில் வராவிட்டால் கம்ப்யூட்டர் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்க்கும், அப்புறம் கைவிட்டுவிடும். காப்பி பாதியில் நிற்கும், எக்செல் ஃபைல் சேமிக்க முடியவில்லை என்று முரண்டு பிடிக்கும்.

பளுவும் ஒரு காரணம். வீடியோ பார்க்கச் சில எம்பிபிஎஸ் போதும். நாஸ் காப்பியோ எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவையும் இழுக்கும். எக்ஸ்டெண்டர் முழு மூச்சில் வேலை செய்வது அநேகமாக அப்போது மட்டும்தான். அதன் பலவீனம் அப்போதுதான் வெளியே தெரியும். “இன்டர்நெட் நன்றாக வருகிறது, அதனால் வைஃபை சரியாகத்தான் இருக்கிறது” என்று முடிவு கட்ட வேண்டாம்.

எக்ஸ்டெண்டர் உள்ளே அப்படி என்னதான் செய்கிறது?

இரண்டு காரியம் செய்கிறது. ஒன்று எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ரௌட்டரிடமிருந்து வாங்கியதை அதே ரேடியோவில், அதே சேனலில் திரும்ப அனுப்புகிறது. ஒரே நேரத்தில் வாங்கவும் அனுப்பவும் முடியாது என்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். இரட்டை பேண்ட் எக்ஸ்டெண்டர்களில் ஒரு பக்கம் 5 கிகாஹெர்ட்ஸ், மறுபக்கம் 2.4 என்று பிரித்து ஓட்டினால் இந்த இழப்பு குறையும்.

இரண்டாவது காரியத்தைப் பெட்டியின் மேல் அச்சடிக்க மாட்டார்கள். ஒவ்வொரு நெட்வொர்க் கருவிக்கும் மேக் முகவரி என்று பிறவி எண் ஒன்று உண்டு. சாதாரண வைஃபை முறைப்படி, ரௌட்டரோடு இணைந்திருக்கும் ஒரு கருவி தன் சொந்த மேக் முகவரியில் மட்டுமே பேசலாம். தனக்குப் பின்னால் இருக்கும் இன்னொரு கருவியின் முகவரியை, அது அனுப்பும் தகவல் பொட்டலத்தில் (ஃபிரேம்) சேர்க்க இடமில்லை. அதனால் பல எக்ஸ்டெண்டர்கள் ஒரு தந்திரம் செய்கின்றன. பின்னால் இருக்கும் நாஸ், டிவி, லேப்டாப் அனைத்தையும் தன் முகவரியிலோ தானே உண்டாக்கிய போலி முகவரியிலோ ரௌட்டருக்குக் காட்டுகின்றன. அபார்ட்மெண்ட் வாசலில் செக்யூரிட்டி எல்லா வீட்டுப் பார்சலையும் தன் பெயரில் வாங்கி வைத்து, பிறகு யாருடையது எது என்று நினைவிலிருந்து கொடுப்பது போல.

அந்த நினைவு தவறும்போதுதான் வம்பு. எக்ஸ்டெண்டர் ரீஸ்டார்ட் ஆனாலோ, நாஸ் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாலோ, எந்த ஐபி (வீட்டு நெட்வொர்க்கில் ஒரு கருவிக்குக் கிடைக்கும் முகவரி எண்) எந்த மேக் முகவரிக்கு உரியது என்ற அதன் பட்டியல் அழிந்துபோகலாம். அப்போது நாஸ் ஓடிக்கொண்டே இருக்கும், பச்சை விளக்கு எரியும், ஆனால் யாராலும் அதை எட்ட முடியாது. நாஸைத் தூக்கி மறுபடி செருகியதும் சரியாகிவிடும், அதனால் பழி நாஸ் மேல் விழும்.

எக்ஸ்டெண்டருக்கும் ரௌட்டருக்கும் நடுவே வைஃபை அறுந்தாலும் இதே கதைதான். நாஸ் கேபிளில் எக்ஸ்டெண்டரோடு இணைந்திருக்கிறது, அந்தக் கேபிள் அறவில்லை. அதனால் நாஸின் பதிவேட்டில் ஒரு வரிகூட இருக்காது.

பழுது எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு கருவி பதில் சொல்கிறதா, எவ்வளவு நேரத்தில் சொல்கிறது என்று பார்க்கும் பிங் கட்டளை போதும், காசு செலவில்லை. விண்டோஸில் கமாண்ட் விண்டோ மூன்றைத் திறந்து, ஒன்றில் ரௌட்டரின் ஐபி, இரண்டாவதில் எக்ஸ்டெண்டரின் ஐபி, மூன்றாவதில் நாஸின் ஐபி கொடுத்து, நிற்காமல் பிங் ஓடவிடுங்கள். விண்டோஸில் அதற்கு -t என்று சேர்க்க வேண்டும். மேக்கில் அது தானாகவே நிற்காமல் ஓடும். இந்தச் சோதனையை எக்ஸ்டெண்டரின் வைஃபையில் இருக்கும் லேப்டாப்பிலிருந்து செய்யுங்கள். அப்புறம் ஒரு பெரிய வீடியோவை நாஸுக்கு காப்பி போட்டுவிட்டு மூன்று விண்டோவையும் கவனியுங்கள்.

எக்ஸ்டெண்டர் பதில் சொல்கிறது, ரௌட்டர் சொல்லவில்லை என்றால் இரண்டுக்கும் நடுவிலான வைஃபைதான் நோயாளி. நாஸ் எக்ஸ்டெண்டரில் செருகியிருந்து, ரௌட்டரும் எக்ஸ்டெண்டரும் பதில் சொல்லும்போது நாஸ் மட்டும் மௌனமானால், எக்ஸ்டெண்டரின் முகவரிப் பட்டியலையோ, அந்தச் சிறு கேபிளையோ, நாஸையோ சந்தேகப்படலாம். மூன்றுமே சேர்ந்து நின்றால் உங்கள் லேப்டாப்பின் வைஃபையைப் பாருங்கள். எண்களையும் கவனியுங்கள். கேபிளில் 1 மில்லி வினாடிக்குள் பதில் வரும். எக்ஸ்டெண்டர் வழியில் அது சில மில்லி வினாடி ஆவது இயல்பு. 4, 6, 5 என்று போய்க்கொண்டிருந்தது திடீரென 400, 900 என்று குதித்தால் அறுபடப் போகிறது என்று அர்த்தம்.

இதற்குப் பிறகும் குழப்பம் தீரவில்லையா? நாஸை ஒரு நாள் கீழே கொண்டுபோய் ரௌட்டரிலேயே கேபிளில் செருகி வையுங்கள். தொல்லை நின்றுவிட்டால் நாஸ் குற்றவாளி அல்ல. கனமான பெட்டிதான், ஆனால் மாடிப்படி இறங்குவது வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டுக் காத்திருப்பதைவிடச் சுலபம். இறக்குமுன் முறையாக ஷட்டவுன் செய்யுங்கள், டிஸ்க் சுழலும்போது தூக்கக்கூடாது.

நெட்வொர்க் பட்டியலில் நாஸ் பெயரே தெரியவில்லை. ஆனால் ஐபி முகவரியை அடித்தால் திறக்கிறது. இது என்ன?

இணைப்பு அறவில்லை. பெயர் கண்டுபிடிப்பது மட்டும் வேலை செய்யவில்லை. “நான் இங்கே இருக்கிறேன்” என்று நாஸ் எல்லோருக்கும் சேர்த்து அறிவிக்கும் செய்திகளை மல்டிகாஸ்ட் என்பார்கள். மேக்கும் ஐபோனும் கேட்பது 224.0.0.251 என்ற முகவரியில், டிவிக்கள் தேடுவது 239.255.255.250-இல். வைஃபையில் இந்த மாதிரிச் செய்திகள் குறைந்த வேகத்தில் போகும், போய்ச் சேர்ந்ததா என்று யாரும் உறுதி செய்வதில்லை, தொலைந்தால் தொலைந்ததுதான். எக்ஸ்டெண்டர் அவற்றைக் கடத்தாமல் விழுங்கிவிடுவதும் உண்டு.

பட்டியலை நம்பாதீர்கள். விண்டோஸில் \\192.168.1.50 என்பது போல ஐபியைக் கொடுத்தே டிரைவை மேப் செய்யுங்கள். ரௌட்டரிலும் எக்ஸ்டெண்டரிலும் மல்டிகாஸ்ட் செய்திகளைக் கட்டுப்படுத்தும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் என்று ஒரு அமைப்பு இருந்தால் மாற்றிப் பாருங்கள். சில கருவிகளில் அதை இயக்கினால் சரியாகிறது, சிலவற்றில் அணைத்தால்தான் சரியாகிறது.

ஐபி அடிக்கடி மாறிவிடுகிறதே?

மாறாமல் நிறுத்துங்கள். வழக்கமான அறிவுரை, ரௌட்டரில் நாஸின் மேக் முகவரிக்கு ஒரு ஐபியை ஒதுக்கிவைப்பது. நாஸ் ரௌட்டரில் நேராக இருந்தால் அது அருமையான வழி. எக்ஸ்டெண்டருக்குப் பின்னால் இருந்தால் அங்கேதான் கால் இடறும்: பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் மேக் முகவரியை ரௌட்டர் பார்க்காமல், எக்ஸ்டெண்டர் மாற்றிக் கொடுத்ததைப் பார்க்கலாம். அப்போது ஒதுக்கீடு பலிக்காமல் போகலாம்.

அப்படிப்பட்ட வீட்டில் நாஸின் அமைப்பிலேயே ஐபியைக் கையால் எழுதிவிடுவது மேல். முதலில் ரௌட்டர் எந்த வரிசையில் ஐபி கொடுக்கிறது என்று பாருங்கள். பல ரௌட்டர்களில் 192.168.1 அல்லது 192.168.0 என்று தொடங்கும், ஜியோ ஃபைபர் ரௌட்டர்களில் 192.168.29. ரௌட்டர் தானாகப் பங்கிடும் எண்களுக்கு வெளியே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். உதாரணமாக அது 100 முதல் 200 வரை பங்கிட்டால் நாஸுக்கு 50. நாளை இணைய நிறுவனத்தை மாற்றினால் வரிசையும் மாறும், அன்றைக்கு நாஸில் இந்த எண்ணையும் மாற்ற வேண்டும். பெட்டியிலேயே ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவைத்தால் பிறகு தேட வேண்டாம்.

கரண்ட் போய் வந்தால் மட்டும் நாஸ் காணாமல் போகிறது. பிறகு ஆஃப் செய்து ஆன் செய்தால் வந்துவிடுகிறது.

பெங்களூரில் மழைக்காலத்தில் இதைக் கேட்காதவர் இல்லை. கரண்ட் வந்ததும் எல்லாப் பெட்டிகளும் ஒரே நொடியில் எழுந்திருக்கின்றன, ஆனால் எல்லாம் ஒரே வேகத்தில் தயாராவதில்லை. எக்ஸ்டெண்டரும் நாஸும் விழித்துக்கொண்டு ஐபி கேட்கும்போது ரௌட்டர் இன்னும் கண் திறந்திருக்காது. யாரும் ஐபி தராவிட்டால் நாஸ் தனக்குத்தானே 169.254 என்று தொடங்கும் ஓர் எண்ணை வைத்துக்கொள்ளும். அந்த எண்ணோடு அது வீட்டு நெட்வொர்க்கில் யாரோடும் பேச முடியாது.

இதைவிட விஷமமான வகை ஒன்று உண்டு. ரௌட்டரைக் காணாதபோது தானே ஐபி பங்கிடத் தொடங்கும் எக்ஸ்டெண்டர்கள் இருக்கின்றன. நாஸ் அதனிடம் ஒரு எண்ணை வாங்கிக்கொண்டு வேறு வரிசையில் தனியாக நின்றுவிடும். எக்ஸ்டெண்டரின் அமைப்பில், ஐபி பங்கிடுவதைக் குறிக்கும் டிஎச்சிபி என்ற இடத்தைத் தேடி, ‘ஆட்டோ’ என்றிருந்தால் ‘ஆஃப்’ என்று மாற்றுங்கள். நாஸுக்கு நிலையான ஐபி கொடுத்துவிட்டால் இரண்டு தொல்லையும் போகும்.

கூடவே ஒரு யுபிஎஸ். ரௌட்டருக்கு மட்டும் சின்ன யுபிஎஸ் வாங்கி வைத்திருப்பார்கள், நாஸ் நேராக பிளக் பாயிண்டில் இருக்கும். தலைகீழாக இருக்கிறது என்பேன். ரௌட்டர் திடீரென அணைந்தால் எதுவும் கெட்டுப்போகாது. எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்க் அணைந்தால் ஃபைல் சிஸ்டம் கெடலாம். யுஎஸ்பி கேபிள் வழியாக நாஸோடு பேசும் யுபிஎஸ் வாங்கினால், பேட்டரி தீரும் முன் நாஸ் தானே ஒழுங்காக அணைந்துகொள்ளும். வீட்டு இன்வெர்ட்டரை மட்டும் நம்ப வேண்டாம். அது கைமாறும் அந்தக் கண்ணிமைப்பில் நாஸ் ரீஸ்டார்ட் ஆகிவிடக்கூடும்.

மணி அடித்தாற்போல் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை அறுபடுகிறது.

ஒழுங்கான இடைவெளியில் வரும் பழுது நல்ல பழுது, சிக்னலைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. வைஃபையில் எல்லோருக்கும் பொதுவான ரகசியச் சாவி ஒன்று உண்டு. அதை ரௌட்டர் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு முறை மாற்றும். பல ரௌட்டர்களில் அந்த நேரம் 3600 வினாடி. மாற்றும்போது எக்ஸ்டெண்டர் தடுமாறினால் மணிக்கொரு முறை அறுபடும். ரௌட்டரின் வைஃபை பாதுகாப்புப் பக்கத்தில் குரூப் கீ (அந்தப் பொதுச் சாவி) இடைவெளியை 86400 வினாடி, அதாவது ஒரு நாள், ஆக்கிப் பாருங்கள். இணைய நிறுவனம் கொடுத்த ரௌட்டரில் அந்தப் பக்கம் மறைக்கப்பட்டிருந்தால், எக்ஸ்டெண்டரின் உள் மென்பொருளை (ஃபர்ம்வேர்) புதுப்பிப்பதுதான் அடுத்த வழி. வைஃபை பாதுகாப்பு டபிள்யூபிஏ2-வும் 3-ம் கலந்த முறையில் இருந்தால் 2-க்கு மட்டும் மாற்றிச் சோதித்துப் பாருங்கள்.

சின்ன ஃபைல்கள் போகின்றன. பெரிய ஃபைல் என்றால் அப்படியே உறைந்துவிடுகிறது.

நாஸின் நெட்வொர்க் அமைப்பில், ஒரு பொட்டலத்தின் அதிகபட்ச அளவைக் குறிக்கும் ஜம்போ ஃபிரேம் அல்லது எம்டியு என்ற இடத்தில் 9000 என்று இருக்கிறதா பாருங்கள். வேகம் கூடும் என்று யாரோ சொல்லி மாற்றியிருப்பார்கள். கிகாபிட் ஸ்விட்சில் கேபிளாலேயே எல்லாம் இணைந்த ஆபீசுக்கு அது சரி. வைஃபை ஒரு ஃபிரேமில் ஏற்றிக்கொள்வது அதிகபட்சம் 2304 பைட். எக்ஸ்டெண்டர்கள் 1500-க்கு மேல் எதிர்பார்ப்பதில்லை. ஃபோல்டர் பட்டியல் சின்னச் சின்னப் பொட்டலங்களில் வந்துவிடும். பெரிய ஃபைல் தொடங்கியதும் 9000 பைட் பொட்டலங்கள் வழியில் தொலையும். 1500-க்குத் திருப்புங்கள்.

அது சரியாகவே இருந்தால் எக்ஸ்டெண்டரைத் தொட்டுப் பாருங்கள். நல்ல சூடாக இருந்து, சில நிமிடம் காப்பி ஓடியபிறகே அறுந்தால், வெப்பம்தான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். பீரோவுக்குப் பின்னால், திரைச்சீலைக்கு அடியில் இருக்கும் பிளக் பாயிண்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.

காப்பி வேகம் வினாடிக்கு 11 எம்பியைத் தாண்டவே இல்லை.

எக்ஸ்டெண்டரின் ஈத்தர்நெட் போர்ட் 100 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 100 மெகாபிட்) வகை, எட்டு பிட் ஒரு பைட் என்பதால் அது 12 எம்பி சொச்சம்தான். பெட்டியில் ‘1200’ என்று பெரிதாகப் போட்டிருப்பது இரண்டு வைஃபை பேண்டுகளின் கூட்டுத்தொகை, போர்ட்டின் வேகம் அல்ல. 4 ஜிபி படம் ஆறு நிமிடம் எடுக்கும். பழுது இல்லை, வாங்கியது அவ்வளவுதான்.

2.4-இல் வைப்பதா, 5-இல் வைப்பதா?

எக்ஸ்டெண்டர் ரௌட்டரோடு பேசும் பக்கம் 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கட்டும், சிக்னல் எட்டினால். பிடிஎம் லேஅவுட் மாதிரி பிஜி விடுதிகள் நெருக்கியிருக்கும் தெருவில் போனில் ஒரு வைஃபை அனலைசர் ஆப் போட்டுப் பாருங்கள், 2.4-இல் பக்கத்து வீடுகளின் பெயர்கள் வரிசையாக நிற்கும். அந்த பேண்டில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் அங்கேதான் குடியிருக்கின்றன.

பலருக்குத் தெரியாத ஒன்று: யுஎஸ்பி 3 கருவிகளும் கேபிள்களும் 2.4-இல் இரைச்சல் கிளப்பும். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. நாஸின் பின்னால் பேக்கப்புக்கு யுஎஸ்பி 3 டிஸ்க் செருகி, அதை எக்ஸ்டெண்டரை ஒட்டி வைத்திருந்தால், பேக்கப் ஓடும் நேரத்தில் மட்டும் வைஃபை சாகும். ஓரிரு அடி தள்ளி வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

5-இல் இந்தியாவில் 2018-இல் கூடுதல் அலைவரிசைகள் உரிமம் தேவையில்லாமல் திறந்துவிடப்பட்டன, சேனல்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் 52 முதல் 144 வரையுள்ள சேனல்கள் ரேடார்களும் பயன்படுத்தும் இடம். ரேடார் கேட்பதாக ரௌட்டர் நினைத்தால், அது தவறாகவே நினைத்தாலும், அந்தச் சேனலைவிட்டு உடனே எழுந்து ஓட வேண்டும். எக்ஸ்டெண்டர் அதைத் தேடிப் பிடிப்பதற்குள் நாஸ் இணைப்பு போயிருக்கும். ரௌட்டரில் சேனலை ‘ஆட்டோ’வில் விடாமல் 36 முதல் 48-க்குள் அல்லது 149 முதல் 161-க்குள் நிறுத்திவிடுங்கள்.

எக்ஸ்டெண்டரை எங்கே வைப்பது?

நாஸ் இருக்கும் அறையில் அல்ல. சிக்னல் செத்த இடத்தில் வைத்தால் செத்த சிக்னலைத்தான் அது பெரிதாக்கிக் கொடுக்கும். போனில் முழுக் கோடுகள் தெரியும், ஏனென்றால் போன் பார்ப்பது எக்ஸ்டெண்டரை. எக்ஸ்டெண்டர் ரௌட்டரை எப்படிப் பார்க்கிறது என்பதுதான் கேள்வி. அதன் அமைப்புப் பக்கத்தில் அந்த எண் இருக்கும்: -50 முதல் -65 வரை நல்லது, -70 தாண்டி -75, -80 என்று போனால் நாஸுக்கு உதவாது.

மாடி வீடுகளில் கான்கிரீட் தளம்தான் பெரிய எதிரி. அதை ஊடுருவி மேலே போவதைவிட, படிக்கட்டின் திறந்த வெளி வழியாகச் சிக்னல் சுலபமாக ஏறும். படியின் திருப்பத்தில் ஒரு பிளக் பாயிண்ட் இருந்தால் அதுதான் இடம். இல்லாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒன்று வைத்துக்கொள்வது புது எக்ஸ்டெண்டர் வாங்குவதைவிடப் புத்திசாலித்தனம். இரும்பு பீரோ, ஆளுயரக் கண்ணாடி, ஃபிரிட்ஜ் நேர்க்கோட்டில் குறுக்கே வரக் கூடாது.

ரௌட்டருக்கும் எக்ஸ்டெண்டருக்கும் ஒரே வைஃபை பெயர் வைக்கலாமா?

போன்களுக்கு வசதி. நாஸில் வேலை செய்யும் லேப்டாப்புக்குத் தொல்லை. அது இரண்டுக்கும் நடுவே தாவும்போதெல்லாம் திறந்த ஃபைல் தடுமாறும். எக்ஸ்டெண்டருக்கு வேறு பெயர் கொடுத்து, லேப்டாப்பை ஒன்றோடு கட்டிப்போடுங்கள்.

லேப்டாப்பில் நாஸ் திறக்கிறது, டிவியில் வரவே இல்லை.

டிவி கெஸ்ட் வைஃபையில் இருக்கிறதா? கெஸ்ட் நெட்வொர்க் உள்வீட்டுக் கருவிகளைப் பார்க்க விடாது, அதற்காகத்தான் அது இருக்கிறது. ஏபி ஐசோலேஷன் என்ற அமைப்பும் அதே வேலையைச் செய்யும்.

இல்லையென்றால் எக்ஸ்டெண்டர் என்று நீங்கள் நினைப்பது ரௌட்டராக ஓடிக்கொண்டிருக்கலாம். பழைய ரௌட்டரை மாடியில் போட்டு ஓட்டுபவர்களிடம் இது சகஜம். கீழே 192.168.1, மேலே 192.168.0 என்று இரண்டு நெட்வொர்க்குகள் இருக்கும். மேலிருந்து கீழே எட்டும், கீழிருந்து மேலே எட்டாது. தனி நெட்வொர்க் உண்டாக்காத ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கோ ரிப்பீட்டர் முறைக்கோ அதை மாற்றுங்கள்.

மேப் செய்த டிரைவில் சிவப்புக் குறுக்குக் குறி வருகிறது. கிளிக் செய்தால் திறக்கிறது.

விட்டுவிடுங்கள். 15 நிமிடம் பயன்படுத்தாவிட்டால் விண்டோஸ் தானே இணைப்பைக் கீழே வைப்பது இயல்பு.

ஆனால் விண்டோஸ் 11-இன் 24எச்2 அப்டேட்டுக்குப் பிறகு திறக்கவே மறுக்கிறது என்றால் அது வேறு சமாச்சாரம், எக்ஸ்டெண்டருக்குத் தொடர்பில்லை. புரோ வகையில் அந்தப் பதிப்பு பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் நுழைவை ஏற்பதில்லை, செய்திகள் வழியில் மாற்றப்படவில்லை என்று உறுதிசெய்யும் எஸ்எம்பி கையொப்பத்தையும் கட்டாயமாக்கியது. நாஸில் பெயரும் பாஸ்வேர்டும் உள்ள பயனரை உருவாக்குங்கள், நாஸின் மென்பொருளைப் புதுப்பியுங்கள். பழைய நாஸ் எஸ்எம்பி 1 மட்டுமே பேசும் என்றால் அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டிய நேரம். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை 2017-இல் பரவியது அந்தப் பழைய முறையின் ஓட்டை வழியாகத்தான்.

காலையில் முதல் முறை திறக்கும்போது மட்டும் பிழை காட்டுகிறது.

டிஸ்க் தூங்கியிருக்கிறது. மறுபடி சுழல சில வினாடிகள் ஆகும், அதற்கு மேல் எக்ஸ்டெண்டரின் தாமதமும் சேரும். தூங்கும் நேரத்தை நீட்டுங்கள் அல்லது நிறுத்திவிடுங்கள்.

மெஷ் வாங்கினால் எல்லாம் தீர்ந்துவிடுமா?

நிறைய தீரும். மெஷ் என்பது வீடெங்கும் வைத்து ஒரே வைஃபையாக ஓடும் பெட்டிகளின் தொகுப்பு. ஒரே நிறுவனத்தின் மெஷ் பெட்டிகள் தங்களுக்குள் பேசும்போது மேக் முகவரிகளை மாற்றாமல் கடத்துவதற்கான முறையைப் பெரும்பாலும் கையாளுகின்றன. மூன்று பேண்ட் வகையில் பெட்டிகளுக்கு இடையே பேச மட்டும் ஒரு பேண்ட் ஒதுக்கப்பட்டிருக்கும். ஆனால் தரைத்தளத்துக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே இருக்கும் கான்கிரீட்டை எந்தப் பிராண்டும் உடைக்காது.

அந்தப் பணத்தில் கேபிள் இழுங்கள் என்பதுதான் என் கட்சி. கேட் 5ஈ கேபிள் 100 மீட்டர் வரை கிகாபிட் கொடுக்கும், எந்த வீடும் அவ்வளவு நீளமில்லை. எஸ்.பி. ரோட்டில் கேபிள் வாங்கினால் முழுச் செம்பா, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதா என்று கேட்டு வாங்குங்கள். இரண்டாவது மலிவு, ஆனால் எளிதில் முறியும். வாடகை வீடென்றால் சுவரைத் துளைக்க ஓனர் சம்மதிக்க வேண்டும். ஏசிக்குப் போட்ட துளையோ, டிஷ் கேபிள் வந்த ஜன்னல் மூலையோ போதுமா என்று முதலில் பாருங்கள். வெளிச்சுவர் வழியாகப் போனால் வெயிலைத் தாங்கும் வெளிப்புறக் கேபிளாக இருக்கட்டும்.

கேபிள் மாடிக்கு வந்துவிட்டால் எக்ஸ்டெண்டரைத் தூக்கிப் போட வேண்டாம். ஆக்சஸ் பாயிண்ட் முறை அதில் இருந்தால் கேபிளை அதில் செருகி அப்படி மாற்றுங்கள், வைஃபையும் நாஸும் இரண்டுமே உருப்படும்.

மின்கம்பி வழியாக நெட்வொர்க் கொண்டுபோகும் பவர்லைன் அடாப்டர்? இரண்டு பிளக்கும் ஒரே ஃபேஸில் இருந்தால் வேலை செய்யலாம். மூன்று ஃபேஸ் இழுத்த வீட்டில் மாடிக்கு ஒரு ஃபேஸ் என்று பிரித்திருப்பார்கள். திருப்பிக் கொடுக்க வசதியுள்ள கடையில் மட்டும் வாங்குங்கள்.

சரி, கேபிள் வரும்வரை காப்பிகளை எப்படி ஓட்டுவது?

முதல் பெரிய காப்பிக்கு நாஸைக் கீழே கொண்டுபோய் கேபிளிலேயே முடித்துவிடுங்கள். பிறகு தினசரி மாற்றங்கள் மட்டும் வைஃபையில் போகட்டும். விண்டோஸில் இழுத்துப் போடுவதற்குப் பதிலாக, அதோடு வரும் ரோபோகாப்பி கட்டளையைப் பயன்படுத்துங்கள். அதில் /Z என்று சேர்த்தால் அறுந்த இடத்திலிருந்து தொடரும். மேக்கின் டைம் மெஷின் பேக்கப்பை மட்டும் அறுபடும் வைஃபையில் ஓட்ட வேண்டாம். பாதியில் நின்று நின்று அந்த பேக்கப் ஃபைலே கெட்டு, முதலிலிருந்து தொடங்கச் சொல்லும்.

சேலத்தில் இருக்கும் அப்பா அம்மாவும் படங்களைப் பார்க்க, இணையத்திலிருந்து நாஸை நேராக எட்டும்படி ரௌட்டரில் போர்ட்டைத் திறந்து விடலாமா?

வேண்டவே வேண்டாம். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர், இணையத்துக்கு நேராகத் திறந்து கிடந்த க்யூநாப் பெட்டிகளுக்குள் புகுந்து ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டது. விபிஎன் என்ற பாதுகாப்பான தனி இணைப்பு வழியாகவோ, நாஸ் நிறுவனமே தரும் தொலைவழிச் சேவையிலோ பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லாம் செய்தாயிற்று. இன்னும் அறுபடுகிறது.

நாஸின் பதிவேட்டைத் திறந்து அறுந்த நேரத்தைத் தேடுங்கள். நெட்வொர்க் இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று வரி இருந்தால் முதலில் அந்த லேன் கேபிளை மாற்றுங்கள், அப்புறம் எக்ஸ்டெண்டரின் போர்ட்டை. பெட்டி தானாக ரீஸ்டார்ட் ஆகியிருந்தால் பவர் அடாப்டர் பலவீனமாகியிருக்கலாம். பழைய நாஸ்களில் டிஸ்க்கைவிட அடாப்டர் முதலில் போவது உண்டு. அதே வோல்ட், அதே ஆம்பியர் அல்லது கூடுதல் ஆம்பியர் உள்ளது வாங்கிப் போட்டுப் பாருங்கள். டிஸ்க் தன் நிலையைத் தானே சோதித்துத் தரும் ஸ்மார்ட் எச்சரிக்கை வந்திருந்தால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு, முதலில் படங்களை வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். இரண்டு டிஸ்க்கை ரெய்டில் (ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் முறை) போட்டிருக்கிறேன் என்றாலும் எடுங்கள்.